அறிக்கையின் கடைசி வரி

ஒன்றைத் தேடப் போய் வேறொன்றைக் காண்பது உலக வழக்கு. வைத்தியத் துறையிலும் இது அடிக்கடி நிகழ்கின்றது. சிறுநீரகக் கல்லைத் தேடி ஒருவரின் வயிற்றைச் சி.ரி. ஸ்கான் செய்கின்றனர். கல்லைப் பற்றிய விபரத்தின் கீழே, பெருங்குடற் சுவரில் ஓரிடம் தடித்திருக்கின்றது என்று ஒரு வரியும் வந்து சேருகின்றது. அதைக் கண்டு சிலர் புற்றுநோயென்றே முடிவு கட்டி உறக்கத்தை இழப்பர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயன்றோ! வேறு சிலர், கல்லுக்கு மருந்து கிடைத்துவிட்டதென்று அறிக்கையை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவர். இவர்களுடைய தவறே பெரிது.

1895 ஆம் ஆண்டில் ஜேர்மனிய அறிஞர் றொண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். 1971 இல் இலண்டனில், ஹவுன்ஸ்பீல்ட் என்னும் பொறியியலாளர் அமைத்த கருவி, அக்கதிரையும் கணினியையும் இணைத்து நோயாளி ஒருவரின் மூளையைக் குறுக்கு வெட்டுத் தோற்றமாகக் காட்டியது. பின்னர் அம்முறை உடல் முழுவதற்கும் பயன்படலாயிற்று. கல்லைத் தேடும்போதும் இக்கருவி வயிற்றிலுள்ள ஏனைய உறுப்புக்களையும் சேர்த்தே படம் பிடிக்கின்றது. ஆதலின் எதிர்பாராதவை தென்படுவதில் வியப்பில்லை.

ஆயினும் படத்திற் காண்பது நோய் நிர்ணயம் ஆகாது. குடல் சுருங்கி விரியும் இயல்புடையது. படமெடுக்கும் வேளையில் அது சுருங்கியிருந்தாலும், உள்ளே ஒன்றுமின்றி ஒடுங்கிக் கிடந்தாலும், சுவர் தடித்ததுபோலத் தோன்றும். வயிற்றுளைவு போன்ற தொற்று, நாட்பட்ட அழற்சி, காசநோய், இரத்தவோட்டக் குறைவு, கட்டி ஆகியனவும் சுவரைத் தடிக்கச் செய்வன. இவற்றுள் எது என்பதைப் படம் மாத்திரம் எப்போதும் உறுதியாகச் சொல்ல இயலாது.

ஆகவே வைத்தியர் விசாரிக்கத் தொடங்குவார். மலத்துடன் இரத்தம் போகின்றதா, மலங்கழிக்கும் வழக்கம் மாறியுள்ளதா, உடல் மெலிந்ததா, குடும்பத்தில் எவருக்கேனும் குடற்புற்றுநோய் இருந்ததா என்று கேட்பார். இரத்தச்சோகை உண்டா என்று சோதிப்பார். தொற்றெனத் தோன்றினால் அது தணிந்தபின் மீண்டும் பார்ப்பதுமுண்டு. ஐயம் நீங்காவிடில், குடலைப் பேதி மருந்தாற் சுத்தஞ்செய்து, கமெரா பொருத்திய வளையுங் குழாயை உட்செலுத்தி நேரிற் காண்பர். இதுவே கொலனோஸ்கோப்பி. ஐயத்துக்கிடமான இடத்திற் சிறு துண்டெடுத்து நுணுக்குக்காட்டியிற் பரிசோதித்தால் உண்மை தெளிவாகும்.

இச்சோதனைக்கு வெட்கப்பட்டுப் பின்னிடுவோர் பலர். அவர்கள் ஒன்றை அறிதல் வேண்டும். பெருங்குடற் புற்றுநோயிற் பெரும்பகுதி, பொலிப் எனப்படும் சிறு முளையாகத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழிந்தே புற்றாக மாறுகின்றது. அம்முளையை வயிற்றைக் கிழிக்காமல், அதே குழாய் வழியாகக் கம்பி வளையமொன்றைச் செலுத்தி அகற்றும் முறையை 1969 அளவில் நியூயோர்க்கில் ஷின்யா, வுல்ப் என்னும் வைத்தியர்கள் வளர்த்தெடுத்தனர். காலத்தோடு பார்த்தால் வருமுன் காக்கலாம். அலுமாரியில் உறங்கும் அறிக்கையோ அந்தக் காலத்தை வீணாக்கிவிடுகின்றது.

எமது நாட்டில் ஸ்கான் அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. கல்லுக்கு வைத்தியஞ் செய்பவர் கல்லையே கவனிக்க, குடலைப் பற்றிய வரி ஒருவர் பொறுப்பிலும் இல்லாது போகலாம். வீட்டிலே ஆங்கிலம் பயிலும் மகனோ மகளோ இருந்தால், பெற்றோரின் அறிக்கையைக் கடைசி வரி வரை வாசித்தல் வேண்டும். வாசித்து, தாமே தீர்ப்புக் கூறாமல், அந்த வரியைக் கோடிட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுசென்று, "ஐயா, இது என்ன? இதற்கு அடுத்துச் செய்யவேண்டியது யாது? எப்போது, யாரிடம் செல்வது?" என்று கேட்க வேண்டும். விடையைக் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளவும் வேண்டும். பிள்ளைகளின் படிப்பு பெற்றோருக்குப் பயன்படும் இடங்களுள் இதுவும் ஒன்று.