குடும்ப நோயை மறைக்கலாமா?

"அவருக்கு வயிற்றில் ஒரு வருத்தம்." ஜனாஸா எடுத்த பின்னும் நம் வீடுகளில் இதற்கு மேல் யாரும் சொல்வதில்லை. மஹரகம என்ற ஊர்ப் பெயரைக்கூடத் தணிந்த குரலில்தான் சொல்கிறோம். வீட்டில் குமர் இருக்கிறது, பேசி வந்த சம்பந்தம் குழம்பிவிடும் என்ற பயம். அந்தப் பயம் பொய்யல்ல. ஆனாலும் மறைப்பது பிழை என்பதே என் கருத்து.

உடற்கலம் பிரியும்போதெல்லாம் டி.என்.ஏ. பிரதி எடுக்கப்படுகிறது. அதில் எழுத்துப்பிழைகள் விழுகின்றன. அவற்றைத் திருத்துவதற்கென்றே எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 முதலிய பரம்பரை அலகுகள் உள்ளன. இவற்றில் ஒன்று பழுதாகப் பிறப்பிலேயே வந்தால் பிழைகள் குவியும். 50 வயதுக்கு முன்பே பெருங்குடலில் புற்றுநோய் வரலாம். பெண்களுக்குக் கருப்பையிலும் வரலாம். இதனை லிஞ்ச் நோய் என்கிறார்கள். பெருங்குடல் புற்றுநோயாளர் 100 பேரில் ஏறத்தாழ 3 பேருக்கே இந்தப் பழுது காரணம். ஆனால் உம்மாவிடமோ வாப்பாவிடமோ அது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு.

1895இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு தையற்காரப் பெண், வைத்தியர் வார்த்தினிடம் தன் குடும்பத்தில் பலர் புற்றுநோயால் இறந்ததைச் சொன்னார். தானும் இளமையிலேயே அப்படி இறப்பேன் என்றார். அப்படியே நடந்தது. அவர் வாய் திறந்ததால்தான் வார்த்தின் அக்குடும்பத்தின் நோய் வரலாற்றைத் திரட்டி 1913இல் வெளியிட்டார். அதே குடும்பத்தில் எம்.எஸ்.எச்.2 பழுது 2000ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது.

அந்தப் பெண்ணுக்கு இல்லாத வழி நமக்கு உண்டு. பழுது இருப்பவர்கள் 25 வயதளவில் தொடங்கி ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை குடலுக்குள் கமரா செலுத்திப் பார்த்தால், சிறு கட்டிகளைப் புற்றாக மாறுமுன்பே அகற்றலாம். பரம்பரை நோய் பற்றி ஆலோசனை தரும் பிரிவு, மருதானைக்கு அருகே கின்சி வீதியிலுள்ள கொழும்பு மருத்துவ பீடத்திலேயே இருக்கிறது.

சம்பந்தத்துக்காக மறைக்கிறோம் என்பவர்கள் இதையும் யோசிக்கட்டும்: மாமி மகனுக்கே பெண் கொடுக்கும்போது இருவரிடமும் ஒரே பழுது இருந்தால், பிறக்கும் பிள்ளைக்குச் சிறுவயதிலேயே புற்றுநோய் வரும் ஆபத்து உண்டு.

பரிசோதனைக்குக் காசு வேண்டும், கேட்பதற்கு வேண்டாம். மௌத்தானது யார், எந்த உறுப்பில் நோய், எத்தனை வயதில்? இம்மூன்றையும் இந்த விடுமுறையில் உம்மும்மாவிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், தோழியரே. பெற்றோரே, பிள்ளை கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள்.