நல்லவர்களுக்கு மட்டும்

'டூரிஸ்ட் ஃபேமிலி' படத்தைத் திட்டுவது பிள்ளைப்பூச்சியை அடிப்பதுபோல. சின்ன பட்ஜெட், இருபதுகளில் இருக்கும் அறிமுக இயக்குநர், ரத்தம் தெறிக்காத திரைக்கதை. 2025 மே 1 அன்று 'ரெட்ரோ'வோடு மோதி, வாய்மொழியாகவே ஜெயித்த படம். ராஜமௌலியே பாராட்டி ட்வீட் போட்டார். வீட்டுப் பெரியவர்களை எல்லாம் தியேட்டருக்குக் கூட்டிப் போனார்கள், எல்லாரும் அழுதுவிட்டு நிம்மதியாக வெளியே வந்தார்கள். எனக்கும் கண் கலங்கியது. அந்த நிம்மதிதான் என் பிரச்சனை. அழுதோம், சரி. எதைப் பார்த்து நிம்மதியானோம்?

கதை உங்களுக்குத் தெரியும். இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் வாழ வழியில்லாமல் தர்மதாஸ் (சசிகுமார்), வாசந்தி (சிம்ரன்), இரண்டு மகன்கள் இரவோடு இரவாகப் படகேறி ராமேஸ்வரம் வருகிறார்கள். போலீஸில் மாட்டுகிறார்கள். சின்னவன் முள்ளியின் துடுக்கில் மனம் இளகிய ஒரு காவலர் விட்டுவிடுகிறார். மைத்துனர் யோகி பாபு சென்னையில் ஒரு காலனியில் குடிவைக்கிறார். யாரோடும் பேசாதே என்கிறார், இவர்கள் எல்லாரோடும் பேசுகிறார்கள். முகம் கொடுத்துப் பேசாத காலனி ஒரு குடும்பமாக மாறுகிறது. நடுவில் ஒரு குண்டுவெடிப்பு, சந்தேகம், தேடல். கடைசியில் காலனியே சேர்ந்து காப்பாற்றுகிறது.

இந்தக் கதையில் சட்டம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். ஒரு குடும்பம் ஒரு நாட்டில் இருக்கலாமா கூடாதா என்பது சட்டக் கேள்வி. படம் அதைக் குணநலக் கேள்வியாக மாற்றிவிடுகிறது. தர்மதாஸ் நல்லவர், ஆகவே இருக்கலாம். எவ்வளவு நல்லவர்? சாவு வீட்டில் முதல் ஆளாக நிற்பார், ஊரையே திரட்டிக்கொண்டு வருவார், தனியாகக் கிடக்கும் பெரிய மனிதருக்குப் பிள்ளை மாதிரி ஆவார். இரண்டு மணி நேரம் அந்தக் குடும்பம் நம்மிடம் நற்சான்றிதழ் வாங்கிக்கொண்டே இருக்கிறது. நாமும் தாசில்தார் மாதிரி உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறோம்.

என் தொழிலில் பாதிப் பேர் வெளிநாட்டில் 'செட்டில்' ஆனவர்கள், மீதிப் பேர் ஆகக் காத்திருப்பவர்கள். ஹெச்1பி லாட்டரி, கிரீன் கார்டு வரிசை, கனடா புள்ளிக் கணக்கு என்று மதிய உணவு மேஜையில் பேசாத நாள் இல்லை. அந்த விதிகளில் ஆயிரம் அநியாயம் இருக்கிறது, நாங்களும் ஆயிரம் முறை புலம்பியிருக்கிறோம். ஆனால் விசா நேர்காணலில் எவரிடமும் 'பக்கத்து வீட்டுப் பாட்டி செத்தபோது தோள் கொடுத்தாயா?' என்று கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. சிடுமூஞ்சிகள், பக்கத்து வீட்டுக்காரன் பெயர் தெரியாதவர்கள், சங்கப் பொங்கலுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவாமல் போகிறவர்கள், எல்லாருக்கும் அந்த நாடுகளில் இடம் இருக்கிறது. காகிதம் இருந்தால் போதும். நமக்குக் காகிதம், அவர்களுக்கு நற்குணம்.

சரி, நிஜத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

2022 மார்ச் 22 அன்று, நெருக்கடி முற்றிய நேரத்தில், இரண்டு குழுக்களாக 16 பேர் தனுஷ்கோடிப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். அவர்களைப் பின்தொடர்ந்து அடுத்த மாதங்களில் 200 பேருக்கு மேல் வந்தார்கள். யாரும் சென்னைக் காலனிக்குப் போகவில்லை. விசாரணை, வழக்கு, பிறகு மண்டபம் முகாம். மண்டபத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஒரு பாலம்தான் தூரம். படத்தின் குடும்பம் ராமேஸ்வரத்திலிருந்து சென்னை போவதற்கு அந்தப் பாலத்தைத் தாண்டி, மண்டபத்தைக் கடந்துதான் போயிருக்க வேண்டும். முகாமையும் கடந்துதான். கேமரா திரும்பிப் பார்க்கவில்லை.

தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இருக்கிறார்கள். போலீஸில் பதிந்துவிட்டு வெளியே வசிப்பவர்கள் இன்னும் சுமார் 34,000 பேர். கும்மிடிப்பூண்டி, பவானிசாகர், கொட்டப்பட்டு, திருவாதவூர் என்று எல்லாம் நாம் பஸ்ஸில் கடந்து போகிற ஊர்கள். 1983க்குப் பிறகு வந்தவர்கள், அவர்களுக்கு இங்கேயே பிறந்தவர்கள், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள். பத்துக்குப் பத்து வீட்டில் மூன்று தலைமுறை. குறித்த நாளில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்க வருவாய்த்துறை ஆட்களும் க்யூ பிராஞ்சும் வருவார்கள், எங்கே வேலைக்குப் போயிருந்தாலும் ஓடிவந்து நிற்க வேண்டும். 2021இல் தமிழக அரசு 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்தது, 7,469 புதிய வீடுகளும் அதில் உண்டு. 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' ஆனது. வீடு நல்ல விஷயம்தான். பெயர் மாற்றம்கூட ஒரு மரியாதை. குடியுரிமை மாநில அரசின் கையில் இல்லை.

முகாமில் பிறந்து எஞ்சினியரிங் முடித்த பையன்கள் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள் என்பது பழைய செய்தி, எல்லாப் பத்திரிகையும் ஒருமுறையாவது எழுதிவிட்டது. ஏன் என்பது எங்கள் துறையில் இருப்பவர்களுக்கு எளிதில் புரியும். வேலையில் சேரும்போது ஒரு போர்ட்டல் திறக்கும். தேசியம் என்ற கட்டம், பாஸ்போர்ட் எண் என்ற கட்டம், அதற்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. நிரப்ப முடியாத ஒருவன் நேர்காணலில் எத்தனை நன்றாக கோடு எழுதினான் என்பதற்கு அந்தப் பக்கத்தில் இடமே இல்லை. அந்தக் கட்டத்தை எழுதியவர்களும் கெட்டவர்கள் இல்லை. என்னைப் போல ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எழுதியிருப்பார். கெட்டவர் ஒருவர்கூடத் தேவைப்படாமல் ஒரு வாழ்க்கை நிற்கும். அதனால்தான் நல்லவர்களைச் சேர்த்து அதைத் தீர்க்கவும் முடியாது.

இன்னொரு பக்கமும் பாருங்கள். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டு உயர் நீதிமன்றம் போனார். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்பது 1955 குடியுரிமைச் சட்டம். 2022இல் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அவர் யாருக்காவது நல்ல அண்டை வீட்டாரா என்று நீதிபதி விசாரிக்கவில்லை. ஒரு பிறப்புச் சான்றிதழ், ஒரு தேதி. அதே முகாமில் இரண்டு வருடம் கழித்துப் பிறந்தவர் தெரேசா மாதிரி வாழ்ந்தாலும் அந்தக் கதவு திறக்காது. இந்தத் தேதிக்குள் எத்தனை சினிமா இருக்கிறது! ஒரே வீட்டில் அக்காவுக்கு ஓட்டு உண்டு, தம்பிக்குக் கிடையாது என்பதைவிட ஒரு திரைக்கதையாளருக்கு வேறு என்ன வேண்டும்?

இங்கே எனக்கு வழக்கமாக வரும் பதில் தெரியும். 'அது ஃபீல்குட் படம் பாஸ், டாக்குமென்டரி இல்ல. தேவதைக் கதைக்கு லாஜிக் கேக்காதீங்க.' கேட்கவில்லை. தேவதைக் கதை எனக்குப் பிடிக்கும். பின்லாந்துக்காரர் அகி கௌரிஸ்மாகியின் 'லு ஹாவ்ர்' (2011) கிட்டத்தட்ட இதே கதைதான். கப்பல் கன்டெய்னரில் வந்த ஆப்பிரிக்கச் சிறுவன், அவனை ஒளித்துவைக்கும் ஏழைத் தெரு, கடைசி நேரத்தில் கண்டும் காணாமல் விடும் போலீஸ் அதிகாரி. நடக்கவே நடக்காத கதை. ஆனால் அந்தப் பையன் தெருவுக்கு எதையும் நிரூபிப்பதில்லை. பெரிதாகச் சிரிப்பதுகூட இல்லை. தெருவுக்கு அவன் அங்கே இருப்பதே போதுமான காரணம். ஆறு வருடம் கழித்து அதே இயக்குநர் எடுத்த 'தி அதர் சைட் ஆஃப் ஹோப்' படத்தில் சிரியாவிலிருந்து வந்த காலித் தஞ்சம் கேட்கிறான். அலெப்போவில் நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று அரசின் முடிவை ஓர் அதிகாரி உணர்ச்சியே இல்லாமல் வாசித்து முடிக்கிறார். பிறகு தொலைக்காட்சிச் செய்தியில் அலெப்போ தரைமட்டமாகிக் கொண்டிருக்கிறது. அதுவும் நகைச்சுவைப் படம்தான். தேவதைக் கதைக்குள் அரசாங்கத்தின் குரல் ஒரு நிமிடம் கேட்கிறது, அவ்வளவுதான். நம் படத்தில் அந்த ஒரு நிமிடம் இல்லை. நம் போலீஸ் குண்டு வைத்தவனைத் தேடுகிறது. குடும்பம் குண்டு வைக்கவில்லை என்பது நமக்குத் தெரியும். ஆக, எல்லாமே ஒரு தவறான புரிதல். அது தீர்ந்தால் எல்லாம் தீர்ந்தது.

அந்தக் குண்டுவெடிப்பை அவ்வளவு சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. 1991 மே மாதத்துக்குப் பிறகு ஈழத்தமிழர் என்றாலே சந்தேகம் என்று ஒரு காலம் இங்கே இருந்தது. வீடு கிடைக்காது, முகாம்களில் கெடுபிடி, 1992இல் திருப்பி அனுப்பும் கப்பல்கள். அந்த வரலாற்றின் வடிவத்தைப் படம் எடுத்துக்கொள்கிறது, வரலாற்றை விட்டுவிடுகிறது. குற்றமற்றவர் என்று தெரிந்தபின்தான் நாம் கட்டிப்பிடிக்கிறோம். குற்றமற்றவராகவும் இனிமையானவராகவும் இருப்பது குறைந்தபட்சத் தகுதி ஆகிவிடுகிறது. குடிப்பவர், பொய் சொல்பவர், போர் எதையோ உடைத்துப்போட்டதால் முகம் கொடுத்துப் பேச முடியாதவர், அவருக்கு எந்தக் காலனி?

'தீபன்' (2015) இந்தக் கேள்வியைக் கேட்டது. பிரெஞ்சுக்காரர் ழாக் ஓதியார் எடுத்த படம், கான் விழாவில் தங்கப்பனை வாங்கியது, நம் ஷோபாசக்தி நடித்தது. அதன் குடும்பம் குடும்பமே இல்லை. செத்துப்போன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டுகளில் ஒட்டிக்கொண்டு வந்த மூன்று அந்நியர்கள். யாழினி சமயம் கிடைத்தால் இரண்டு பேரையும் விட்டுவிட்டு இங்கிலாந்துக்கு ஓடப் பார்ப்பவள். அந்தப் பிள்ளையை அவள் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை, டிக்கெட் மாதிரி எடுத்துக்கொண்டாள். இருந்தும் அவளைத் திருப்பி அனுப்பச் சொல்ல நமக்குத் தோன்றுவதில்லை. அந்தப் படத்தின் கடைசி அரை மணி நேரத் துப்பாக்கிச் சண்டையும் இங்கிலாந்துத் தோட்டமும் எனக்குச் சகிக்கவில்லை, அது வேறு விஷயம். ஆனால் வெளியில் இருந்து, மொழி தெரியாமல் எடுத்தவர் ஈழத்தமிழருக்குக் கொடுத்த அடிப்படை உரிமை ஒன்றை, அதாவது நல்லவராக இல்லாமல் இருக்கும் உரிமையை, நாம் இன்னும் கொடுக்கவில்லை.

படத்தின் மிகச் சிறந்த காட்சிக்கு வருகிறேன். போலீஸ் தேடி வரும்போது காலனிக்காரர்கள் ஒவ்வொருவராக ஈழத் தமிழில் பேச ஆரம்பிக்கிறார்கள். யார் அகதி என்று பிரித்தறிய முடியாமல் போகிறது. தியேட்டரே கைதட்டியது, தட்ட வேண்டிய காட்சிதான். அபிஷன் ஜீவிந்துக்குத் திறமை இருக்கிறது என்பதற்கு அந்த ஒரு காட்சி போதும். ஆனால் நிஜத்தில் அந்தக் காட்சி தினமும் தலைகீழாக நடக்கிறது. முகாமில் பிறந்த தலைமுறை இரண்டு தமிழ் வைத்திருக்கிறது. வீட்டுக்குள் 'கதைக்கிறது', டீக்கடையில் 'பேசுறது'. வேலை கேட்கும்போது ஒன்று, அம்மாவிடம் ஒன்று. நாம் கைதட்டலுக்காக ஒரு நாள் அவர்கள் மொழியைப் பேசிப் பார்க்கிறோம். அவர்கள் நாற்பது வருடமாகப் பிழைப்புக்காக நம் மொழியைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 'தெனாலி' காலத்திலிருந்து ஈழத் தமிழ் நமக்குச் சிரிப்பு மூட்டும் மொழி. இந்தப் படத்தில் அது நெகிழ்ச்சி மூட்டும் மொழியாகப் பதவி உயர்வு பெற்றிருக்கிறது. நகைச்சுவைக்கும் நெகிழ்ச்சிக்கும் நடுவில், சாதாரணமாக ஒருவர் அதில் மின்கட்டணம் பற்றிப் பேசுவதை எப்போது கேட்கப் போகிறோம்?

படம் வெளியாகி 18 நாள் கழித்து, மே 19 அன்று, உச்ச நீதிமன்றத்தில் ஓர் இலங்கைத் தமிழரின் மனு வந்தது. உபா வழக்கில் தண்டனை அனுபவித்து முடித்தவர், திருப்பி அனுப்பினால் உயிருக்கு ஆபத்து என்றார், மனைவி மக்கள் இங்கே இருக்கிறார்கள் என்றார். உலகெங்கும் இருந்து வருபவர்களைத் தங்கவைக்க இந்தியா ஒன்றும் தர்மசத்திரம் இல்லை என்ற பொருளில் நீதிபதி சொன்னது எல்லாச் செய்தியிலும் வந்தது. 'டூரிஸ்ட் ஃபேமிலி' அப்போது தியேட்டர்களில் ஓடிக்கொண்டிருந்தது. படம் பார்த்து அழுத அதே வாரத்தில் இதைப் படித்தவர்கள் நாம். அந்த மனுதாரர் தர்மதாஸ் இல்லை. சிரிக்க வைக்கும் ஒரு முள்ளியும் அவருக்காக அங்கே வரவில்லை. நம் டைம்லைனில் அது அரை நாள்கூட நிற்கவில்லை.

அகதிகளுக்கான 1951 ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட்டதில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளை எண்ணியது, இலங்கையை எண்ணவில்லை. 2025 செப்டம்பரில் புதிய குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. உரிய ஆவணமில்லாமல் நுழைந்தால் ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடவே சில விலக்குகள். அந்த மூன்று நாடுகளின் சிறுபான்மையினருக்கு 2024 டிசம்பர் 31 வரை வந்திருந்தால் விலக்கு. பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு 2015 ஜனவரி 9 வரை வந்திருந்தால் விலக்கு. விலக்கு என்றால் தண்டனையிலிருந்து மட்டும், குடியுரிமை இல்லை. இருந்தாலும் முகாமில் இருக்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது பெரிய ஆறுதல், மறுக்கவில்லை.

ஆனால் அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் கிட்டத்தட்ட பத்து வருடம் இருக்கிறது. 2022இன் பஞ்சம் அந்தப் பத்து வருடத்துக்குள் வருகிறது. தனுஷ்கோடி மணல்திட்டில் இறங்கிய அந்த 16 பேர் அதற்குள் வருகிறார்கள். பொருளாதார நெருக்கடிக்குத் தப்பி வந்த தர்மதாஸும் வாசந்தியும் இரண்டு பிள்ளைகளும் அதற்குள் வருகிறார்கள். காலனியில் ஒருவரும் அவர்களிடம் எந்தத் தேதியில் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் படம் அங்கிருந்துதான் ஆரம்பித்திருக்கும்.