வேகம் ஏறும்; வாரண்டி போகும்!

பெட்ரோல் விலைக்குப் பயந்து மின்சாரக் கார் பக்கம் திரும்புவோர் புதுக்கோட்டையிலும் உண்டு. நியாயந்தான். திருச்சிக்குப் போய்த் திரும்பினாலே நூறு கிலோ மீட்டரைத் தாண்டிவிடுகிறதே!

2022-ல் டாட்டா கம்பெனி டியாகோ மின்சாரக் காரை ரூ.8 லட்சத்து 49 ஆயிரம் தொடக்க விலையில் அறிவித்தது. பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோ மீட்டர் வாரண்டி. எது முந்துகிறதோ அதுவரை.

மின்சாரக் காரில் விலை கூடிய சாமான் பேட்டரிதான். அதற்குக் காவல் அந்த வாரண்டிக் காகிதம்.

இதை மறந்து, "கொஞ்சம் பவர் ஏத்திக் கொடுங்க" என்று மெக்கானிக்கிடம் போய் நிற்கிறார்கள் சில இளவட்டங்கள். ஒயரில் கை வைத்தால் கம்பெனி கையை விரித்துவிடும். விபத்து நடந்தால் இன்சூரன்சும் இழுபறி. சட்டமும் சும்மா விடாது. விதியை மீறி வண்டியை மாற்றினால், மாற்றம் ஒன்றுக்கு ரூ.5 ஆயிரம் அபராதம். 6 மாதம் வரை ஜெயிலும் உண்டு.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிபந்தனைகளைப் பொடி எழுத்தில் இங்கிலீசில் நீட்டினால் வாங்குபவர் என்ன கண்டார்? எதைச் செய்தால் வாரண்டி போகும் என்று தமிழில் அச்சடித்து, சாவியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

கொடுப்பார்களா?