மோடம் அவர்களுடையது, ரௌட்டர் நம்முடையது

மின்சார மீட்டர் வரைக்கும் துறையின் பொறுப்பு. மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டால் நம் பொறுப்பு. இது எல்லோருக்கும் தெரியும். கூடத்தில் ஒரு ஃபேன் மாட்டுவதற்கு யாரும் மின்துறைக்கு மனுப் போடுவதில்லை. இன்டர்நெட் விஷயத்தில் மட்டும் இந்த எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்று நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு பாண்டியின் பழைய வீடுகளில் ஒன்று. திண்ணை, முன்கூடம், முற்றம், சமையல்கட்டு, கடைசியில் என் அறை. சுவரெல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும், ஒன்றரை அடி கனம். ஃபைபர் லைன் போட வந்த பையன், கம்பி எட்டிய இடத்தில், வாசல் பக்கத்துச் சுவரில் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விட்டான். முன்கூடத்தில் வைஃபை பிரமாதம். என் அறையிலோ ஒரு கோடு வரும், போகும்.

போனால் போகிறது என்று விட்டிருப்பேன். ஆனால் பிரான்ஸில் இருக்கும் என் பேரனுக்கு ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் அவனுக்கு நான் டிக்தே சொல்வது வழக்கம். அறுபது வருஷத்துக்கு முன்னால் பிரெஞ்சுப் பள்ளியில் எங்கள் வாத்தியார் சொன்ன அதே வேகத்தில், நான் வாசிக்க அவன் எழுத வேண்டும். எங்கள் காலத்தில் ஐந்து தப்பு விட்டால் பூஜ்யம். பேரனிடம் அவ்வளவு கண்டிப்பு காட்டுவதில்லை. ஆனால் லைன் காட்டியது. பாதி வாக்கியத்தில் என் முகம் அவன் திரையில் உறைந்துவிடும். காதில் விழாத வார்த்தை அவன் நோட்டில் தப்பாக விழும். மூன்றாவது வாரம், "தாத்தா, இன்னிக்கு வேணாமே" என்றான். பயம் வந்தது அப்போதுதான். குழந்தைகளுக்கு ஒரு பழக்கம் விட்டுப்போனால் போனதுதான்.

"முன்கூடத்துல வந்து உக்காருங்களேன்" என்றாள் மனைவி. தெருவில் போகும் ஸ்கூட்டர்களின் ஹாரனுக்கு நடுவே என் காதுக்கு அது சரிப்படாது. கம்பெனிப் பையனைக் கூப்பிட்டேன். "பெரிய பெட்டி ஒண்ணு இருக்கு சார், மாச வாடகை தனி" என்றான். நானே ஒரு ரௌட்டர் வாங்கிக்கொள்கிறேன் என்றதற்கு, "வேற பெட்டி போட்டா லைன் கெட்டுடும் சார்" என்றான். கெடாது. சொந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மோடம், ரௌட்டர் இரண்டும் ஒன்றல்ல. வெளியிலிருந்து டெலிபோன் கம்பியிலோ, கேபிளிலோ, கண்ணாடி இழையிலோ வருவதை நம் கருவிகளுக்குப் புரியும்படி மாற்றித் தருவது மோடம். ஃபைபரில் அந்த வேலையைச் செய்யும் பெட்டிக்கு ஓஎன்டி என்று வேறு பெயர். நாமெல்லாம் பழக்கத்தில் மோடம் என்றே சொல்கிறோம். வந்ததை வீட்டிலுள்ள போனுக்கும் டிவிக்கும் பிரித்து அனுப்புவது ரௌட்டர். நாம் 'பஸ் ரூட்' என்கிறோமே, அந்த ரூட்தான். என் மொழியில் சொன்னால், மோடம் என்பது வாசலில் தபால் பையை வாங்கி வைப்பவர். ரௌட்டர் என்பது ஒவ்வொரு தபாலுக்கும் எண் போட்டு உரிய மேசைக்கு அனுப்பும் எழுத்தர். எழுத்தராகவே காலம் தள்ளியவன் என்பதால் எனக்கு ரௌட்டர் மேல் கொஞ்சம் பாசம் அதிகம்.

இப்போது கம்பெனிகள் தரும் பெட்டியில் இரண்டு வேலையும் சேர்ந்தே இருக்கின்றன. குழப்பம் அங்கேதான். பிரான்ஸில் 2002-இல் ஃப்ரீபாக்ஸ் வந்த பிறகு, வீட்டு இன்டர்நெட் கருவிக்கே 'பாக்ஸ்' என்று பெயராகிவிட்டது. என் மகளும் "லா பாக்ஸ்" என்றுதான் சொல்கிறாள். உள்ளே இரண்டு பேர் இருப்பது அவளுக்கும் தெரியாது.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனிப் பெட்டியிலிருந்து என் அறைக்கு ஒரு ஈதர்நெட் கேபிள் இழுத்தேன். அதிகபட்சம் நூறு மீட்டர் வரை போகலாம், என் வீட்டுக்கு இருபதே போதும். மறுமுனையைப் புது ரௌட்டரில் வரிசையாக இருந்த நான்கு துளைகளில் ஒன்றில் செருகினேன். ஒரு போனுக்கு இன்டர்நெட் வந்தது, இன்னொன்றுக்கு வரவில்லை. பத்து நிமிஷம் கழித்துத் தலைகீழாயிற்று. காரணம் பிறகுதான் புரிந்தது. ஒரே அலுவலகத்தில் இரண்டு எழுத்தர்கள் தனித்தனிப் பதிவேடு வைத்துக்கொண்டு எண் போட்டால் என்ன ஆகும்? இரண்டு பெட்டியும் தங்கள் முகவரி 192.168.1.1 என்றே சொல்லிக்கொண்டிருந்தன. புது ரௌட்டரைத் தேடி வந்த போன்களுக்கு அது வெளியே போக வழி தெரியாத எண்ணைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டது.

கேபிள் போக வேண்டிய இடம் வேறு. நான்கு துளைகளிலிருந்து தள்ளி, தனி நிறத்தில், 'வான்' என்றோ 'இன்டர்நெட்' என்றோ எழுதிய ஒற்றைத் துளை. முதலில் இரண்டு பெட்டியையும் அணைக்க வேண்டும். மோடத்தைப் போட்டு, விளக்குகள் நிலையாக எரியும்வரை இரண்டு மூன்று நிமிஷம் பொறுத்து, அப்புறம் ரௌட்டரைப் போட வேண்டும். மோடம் தனி மோடமாகவே இருந்தால் அநேகமாக இத்துடன் வேலை முடிந்தது; கம்பெனி பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டால் அவற்றை ரௌட்டரில் போட வேண்டும்.

கம்பெனிப் பெட்டிக்குள் இன்னொரு ரௌட்டர் இருந்தால் இரண்டில் ஒருவரை ஓய்வு பெறச் செய்ய வேண்டும். புது ரௌட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' நிலையில் வைத்தால் அது வைஃபை பரப்பும் வேலையை மட்டும் பார்க்கும். பழைய பெட்டியை 'பிரிட்ஜ்' நிலையில் வைத்தால் அது வெறும் மோடமாகிவிடும், எண் போடும் வேலை முழுவதும் நம் ரௌட்டருக்கு வந்துவிடும். முதல் வழி சுலபம். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். எல்லைக்கோடு அதில்தான் சுத்தமாக விழுகிறது.

ஆனால் அதற்கு லைனின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். கேட்டால், "அது எங்ககிட்ட இருக்கும் சார், உங்களுக்கு எதுக்கு?" என்றார்கள். மாதாமாதம் பணம் கட்டுபவன் நான், என் பெயரில் இருக்கும் லைன், சாவி மட்டும் அவர்களிடம். விடவில்லை. பொருள், பார்வை எல்லாம் போட்டு முறையாக ஒரு கடிதம் எழுதி மின்னஞ்சலில் அனுப்பினேன். நான்காம் நாள் போனில் சொன்னார்கள். பிரிட்ஜ் நிலைக்கும் அவர்களே மாற்றிக் கொடுத்தார்கள்.

இது கிழவனின் பிடிவாதம் அல்ல. ஜெர்மனியில் எந்த மோடம், எந்த ரௌட்டர் என்பதைச் சந்தாதாரரே தேர்ந்தெடுக்கலாம் என்று 2016 ஆகஸ்ட் முதல் சட்டமே இருக்கிறது. கம்பெனி அதற்கு வேண்டிய விவரங்களைக் கொடுத்தாக வேண்டும். நமக்கும் அது வேண்டும் என்பது என் கட்சி. நாளைக்கு கம்பெனியை மாற்றினாலும், என் ரௌட்டரும் அதன் வைஃபை பெயரும் மாறப்போவதில்லை. மோடத்திலிருந்து வரும் ஒரு கேபிளை மாற்றிச் செருகி, புதுக் கம்பெனி கேட்கும் விவரத்தைப் போட்டால் போதும். வீட்டிலுள்ள போன், டிவி ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து கடவுச்சொல் அடிக்க வேண்டியதில்லை.

மறுபக்கமும் உண்டு, மறைக்கவில்லை. இரண்டு பெட்டிக்கு இரண்டு ப்ளக். கோளாறு வந்தால், "உங்க ரௌட்டர்தான் சார்" என்று கம்பெனி கைகழுவப் பார்க்கும். அப்போது மோடத்தின் விளக்கைப் பாருங்கள். சிவப்பாக ஏதாவது எரிந்தால் கோளாறு அவர்கள் பக்கம் இருக்க வாய்ப்பு உண்டு. சின்ன வீடு, ஒரே கூடம் என்றால் அவர்கள் தரும் ஒற்றைப் பெட்டியே போதும், வீண் செலவு வேண்டாம். அப்போதும் கடவுச்சொல்லை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

என் வயதுக்காரர்களுக்குக் குறிப்பாகச் சொல்கிறேன். ஓய்வூதியத்துக்கான ஆயுள் சான்றிதழ் வரை போனில் வந்துவிட்ட காலம் இது. மகன் வரட்டும், பேத்தி வரட்டும் என்று இந்தப் பெட்டியைத் தொடாமல் உட்கார்ந்திருப்பது நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் பூட்டு. ஒரு நோட்டு எடுங்கள். லைனின் பயனர் பெயர், அதன் கடவுச்சொல், ரௌட்டருக்குள் நுழையும் கடவுச்சொல், வைஃபை கடவுச்சொல், நான்கையும் எழுதுங்கள். ரௌட்டருடன் வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள். நோட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரியட்டும். எங்கள் வீட்டில் அது பால் கணக்கு நோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

போன ஞாயிறு டிக்தே முழுசாக நடந்தது. பேரனுக்கு ஏழு தப்பு. ஏழும் அவனுடையவைதான், லைன் மேல் பழி போட முடியவில்லை. "அடுத்த வாரமும் உண்டா தாத்தா?" என்று கேட்டான். உண்டு என்றேன்.