கரன்ட் எடுத்த தண்ணியில சத்து இருக்காதா? காரைக்கால் மாணவர்கள் நீர்மின்சாரத்தை ஏன் படிக்கணும்?

மேட்டூர் அணை திறந்தாச்சுன்னு செய்தி வந்த உடனே காரைக்காலில் கேட்கப்படும் முதல் கேள்வி: "நம்ம ஊருக்கு எப்போ வரும்?" கல்லணையைத் தாண்டி, கும்பகோணம் பக்கம் எல்லாம் பாய்ந்து, கடைசியாக அரசலாறு, நாட்டாறு, திருமலைராஜனாறு வழியாகத்தான் தண்ணீர் இங்கே வந்து சேரும். கடைமடைன்னா அதுதான் அர்த்தம்.

ஆனால் அந்தத் தண்ணீர் வரும் வழியில் இன்னொரு வேலையையும் முடித்துவிட்டுத்தான் வருகிறது. பல மின்நிலையங்களில் டர்பைன்களைச் சுற்றிவிட்டு வந்த தண்ணீர் அது. "கரன்ட் எடுத்த தண்ணியில சத்து போயிடும், பயிருக்கு ஆகாது" என்று பெரியவங்க சிலர் சொல்லிக் கேட்டிருப்போம். அது உண்மையா? அப்படி இல்லைன்னா, மேகதாது அணையை டெல்டா ஏன் எதிர்க்குது? ரெண்டுக்கும் பதில் பள்ளிக்கூட அறிவியலிலேயே இருக்கிறது. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாடப் புத்தகத்தில் என்ன குழப்பம்?

புதுச்சேரி யூனியன் பிரதேச அரசுப் பள்ளிகள் தமிழ்நாடு பாடத்திட்டத்தில் இருந்து சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. காரைக்கால் பிள்ளைகள் கையில் இப்போது இருப்பது என்.சி.இ.ஆர்.டி. புத்தகம். அதன் பத்தாம் வகுப்பு அறிவியலில் முன்பு 'ஆற்றல் மூலங்கள்' என்று தனிப் பாடமே இருந்தது. அனல், நீர், காற்று, சூரியன், அலை, அணு என எல்லாவற்றையும் ஒப்பிட்டுச் சொன்ன பாடம் அது. பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்ற பெயரில் 2023-ல் அது நீக்கப்பட்டது.

இப்போது பத்தாம் வகுப்பு மாணவர் நீர்மின்சாரத்தைப் பற்றிப் படிப்பது பெரும்பாலும் புவியியல் புத்தகத்தில்தான். அங்கே நீர்மின்சாரம் 'மரபுசார் ஆற்றல்' பட்டியலில், நிலக்கரி, பெட்ரோலியத்தோடு வருகிறது. அதே பாடம், நீர்மின்சாரத்துக்குப் பயன்படும் ஓடும் நீர் 'புதுப்பிக்கத்தக்க வளம்' என்றும் சொல்கிறது. அப்போ நிலக்கரி கூடச் சேர்ந்ததா, சூரிய சக்தி கூடச் சேர்ந்ததான்னு மாணவருக்குக் குழப்பம் வருவது நியாயம்.

விஷயம் சிம்பிள்தான். 'மரபுசார்' என்றால் நீண்ட காலமாகப் புழக்கத்தில் இருப்பது. 'புதுப்பிக்கத்தக்க' என்றால் எடுத்தாலும் இயற்கை மறுபடி நிரப்பிவிடும் என்பது. நீர்மின்சாரம் இரண்டும்தான். சிவசமுத்திரத்தில் காவிரியில் இருந்து மின்சாரம் எடுத்து கோலார் தங்கவயலுக்கு அனுப்பியது 1902-ல். நீலகிரியின் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1932-ல். அதனால் அது பழசு. கடல் நீர் ஆவியாகி, மழையாகி, மறுபடி ஆறாக ஓடுகிறது. அதனால் அது தீராதது.

இந்தக் குழப்பம் மாணவர்களுக்கு மட்டும் இல்லை. மத்திய அரசே 2019 மார்ச் வரை 25 மெகாவாட்டுக்கு உட்பட்ட சிறு நீர்மின் திட்டங்களைத்தான் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் கணக்கில் வைத்திருந்தது. அதற்குப் பிறகுதான் பெரிய அணைத் திட்டங்களும் அந்தக் கணக்கில் வந்தன.

தண்ணீரில் இருந்து எதை எடுக்கிறோம்?

இதுதான் முக்கியமான கேள்வி. தண்ணீருக்குள் மின்சாரம் ஒளிந்திருக்கவில்லை. பாலில் இருந்து வெண்ணெய் எடுப்பது போல எடுக்க அதில் எதுவும் இல்லை. உயரத்தில் நிற்கும் எந்தப் பொருளுக்கும் விழக்கூடிய ஆற்றல் உண்டு. அது நிலை ஆற்றல். கீழே பாயும்போது அது இயக்க ஆற்றலாக மாறுகிறது. பாயும் நீர் டர்பைனைச் சுற்ற, டர்பைன் ஜெனரேட்டரைச் சுற்ற, காந்தப்புலத்துக்குள் கம்பிச்சுருள் சுழல்வதால் மின்சாரம் பிறக்கிறது.

ஆக, நாம் எடுப்பது உயரத்தை மட்டும்தான். மேலே இருந்த தண்ணீர் கீழே வந்துவிட்டது, அவ்வளவுதான். அதே அளவு தண்ணீர், அதே தாது உப்புகளோடு வெளியே வருகிறது. சத்து போகாது, பயிருக்கும் ஒன்றும் ஆகாது. அணையில் தேங்கி நிற்கும்போது ஆவியாவதும், வண்டல் அடியில் படிவதும் உண்டு. அவை தேக்கி வைப்பதால் வரும் இழப்புகள். அதில் டர்பைனுக்குப் பங்கு இல்லை.

எவ்வளவு கரன்ட் கிடைக்கும்? ஒரு கைக்கணக்கு

ஒரு நொடிக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர், எத்தனை மீட்டர் உயரத்தில் இருந்து விழுகிறது என்று பாருங்கள். இரண்டையும் பெருக்கி, 8 ஆல் பெருக்கினால் தோராயமாக எத்தனை கிலோவாட் என்று வந்துவிடும். புவியீர்ப்பு முடுக்கம் 9.8-ஐயும், இயந்திரங்களில் போகும் இழப்பையும் சேர்த்துக் கிடைத்த எண்தான் அந்த 8.

செய்திகளில் வரும் 'கன அடி' கணக்கும் இதில் அடங்கும். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். விநாடிக்கு 1,000 கன அடி என்றால் சுமார் 28 கன மீட்டர். இப்போது மூன்று இடங்களை ஒப்பிடலாம்.

• மேட்டூர்: 1,000 கன அடி தண்ணீர் 30 மீட்டர் உயரத்தில் இருந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 28 × 30 × 8 = 6,720 கிலோவாட். ஏறத்தாழ 6.7 மெகாவாட்.

• பைக்காரா: மலை உச்சியில் இருந்து குழாய் வழியாகச் சுமார் 900 மீட்டர் கீழே இறங்கும் தண்ணீர். வெறும் ஒரு கன மீட்டர் போதும். 1 × 900 × 8 = 7,200 கிலோவாட்.

• காரைக்கால்: அதே 1,000 கன அடி, ஒரு ஆற்றின் ரெகுலேட்டரில் ஒரு மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 28 × 1 × 8 = 224 கிலோவாட் மட்டுமே.

மேட்டூரில் 28 கன மீட்டர் செய்யும் வேலையை நீலகிரியில் ஒரே ஒரு கன மீட்டர் செய்துவிடுகிறது. காரைக்காலில் அதே 28 கன மீட்டரால் மேட்டூரில் கிடைப்பதில் முப்பதில் ஒரு பங்குதான் கிடைக்கும். டெல்டா என்றாலே தட்டை நிலம். ஆறு இங்கே வரும்போது தன் உயரத்தை எல்லாம் மேலேயே செலவழித்துவிட்டது. அதுவும் வருஷத்தில் சில மாசம்தான் ஆற்றில் தண்ணி. அந்த 224 கிலோவாட்டும் வருஷம் பூரா கிடைக்காது. காரைக்காலில் நீர்மின்நிலையம் இல்லாததற்குக் காரணம் இந்த இயற்பியல்தான்.

"கடல் இருக்கே, அலை ஏற்ற இறக்கத்துல எடுக்கலாமே?" என்று கேட்கலாம். இந்தக் கடற்கரையில் ஓத வித்தியாசம் ஒரு மீட்டரைத் தாண்டாது. குஜராத்தின் காம்பே, கட்ச் வளைகுடாக்கள் போன்ற இடங்கள்தான் அதற்குத் தோது.

அப்போ காரைக்காலுக்கு மின்சாரம் எங்கிருந்து? ஊரிலேயே திருமலைராயன்பட்டினம் பகுதியில் புதுச்சேரி மின்திறல் குழுமத்தின் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் இருக்கிறது. இந்த டெல்டா மண்ணுக்கு அடியில் இருந்து எடுக்கும் இயற்கை எரிவாயுதான் அதன் எரிபொருள். மீதித் தேவைக்கு மத்திய மின்நிலையங்களில் இருந்து ஒதுக்கீடு வருகிறது.

ஒரே தண்ணீர், பல முறை மின்சாரம்

டர்பைன் தண்ணீரைத் தின்றுவிடாது என்பதற்குக் காவிரியே சாட்சி. மேட்டூரில் அணை மின்நிலையம் 50 மெகாவாட், சுரங்க மின்நிலையம் 200 மெகாவாட். அங்கே இருந்து வெளியே வரும் அதே தண்ணீர், கீழே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை கதவணைகளில் மறுபடி மறுபடி டர்பைனைச் சுற்றுகிறது. ஒவ்வொன்றும் 30 மெகாவாட். அங்கே சில மீட்டர் உயரம்தான் இருக்கிறது, ஆனால் தண்ணீர் நிறைய. அதற்கேற்ற 'பல்ப்' வகை டர்பைன் அங்கே ஓடுகிறது. பைக்காரா போல உயரம் அதிகம், தண்ணீர் குறைவு என்றால் 'பெல்டன்' சக்கரம். இடத்துக்குத் தகுந்த இயந்திரம்.

அப்போ மேகதாதுவை ஏன் எதிர்க்கணும்?

இங்கேதான் பாடம் அரசியலைத் தொடுகிறது. மேகதாதுவில் 67.16 டி.எம்.சி. கொள்ளளவில் அணை, 400 மெகாவாட் மின் உற்பத்தி என்பது கர்நாடகத்தின் திட்டம். பெங்களூருவுக்குக் குடிநீர் வேண்டும், மின்சாரம் எடுத்த தண்ணீர் எப்படியும் தமிழ்நாட்டுக்குத்தான் வரும், உரிய பங்கு குறையாது என்பது அவர்கள் வாதம். தமிழ்நாடும் புதுச்சேரியும் எதிர்க்கின்றன.

டர்பைன் தண்ணீரைக் குறைக்காது என்று நாமே மேலே சொன்னோம். ஆனால் அணை ஒன்றை மாற்றும். அது நேரம்.

உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தந்த தீர்ப்பின்படி, கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தர வேண்டும். மாதவாரிக் கணக்கும் உண்டு. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 டி.எம்.சி. இப்படிப் பிரித்ததற்குக் காரணம் பயிர். குறுவைக்குத் தண்ணீர் ஜூன், ஜூலையில் வேண்டும். அதை அக்டோபரில் மொத்தமாகக் கொடுத்தால் கணக்கு சரியாக இருக்கும், பயிர் இருக்காது.

மின்சாரத்தின் தேவை வேறு. ஏப்ரல், மே வெயிலில் ஏ.சி. ஓடும்போது, மாலை ஆறு மணிக்கு மேல் சூரிய மின்சாரம் நிற்கும்போதுதான் கரன்ட்டுக்குக் கிராக்கி. மின்சாரத்துக்காக அணையை இயக்குபவர் அந்த நேரத்துக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கப் பார்ப்பார். விவசாயியோ நாற்றுவிடும் நேரத்துக்குத் திறக்கச் சொல்வார். கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளுக்குக் கீழே பெய்யும் மழைநீர் இப்போது தடையில்லாமல் தமிழ்நாட்டுக்கு வருகிறது. மேகதாதுவில் அணை வந்தால் அதையும் தேக்கவோ திறக்கவோ ஒரு கதவு வந்துவிடும். கதவின் சாவி யார் கையில் என்பதுதான் வழக்கின் மையம்.

மேட்டூர் இதற்கு நேர் எதிர் உதாரணம். வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது பாசனத்துக்காக. பாசனத்துக்குத் திறக்கும்போது கிடைப்பதுதான் மின்சாரம். அங்கே பயிர் முதல், கரன்ட் அப்புறம்.

இந்தப் பங்கீட்டில் புதுச்சேரிக்கு, அதாவது காரைக்காலுக்கு, ஒதுக்கப்பட்டது ஆண்டுக்கு 7 டி.எம்.சி. நடுவர் மன்றம் 2007-ல் சொன்ன அளவு, 2018-லும் மாறவில்லை. மேலே எந்த இடத்தில் எவ்வளவு நாள் தாமதம் ஆனாலும், கடைசியில் அது தெரிவது கடைமடையில்தான்.

நீர்மின்சாரம் முழுக்க நல்லதா?

புகை இல்லை, எரிபொருள் செலவு இல்லை, பட்டனைத் தட்டினால் சில நிமிடத்தில் உற்பத்தி. காற்றாலையும் சோலாரும் அதிகமாகும்போது இதுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வால்பாறை பக்கம் உள்ள காடம்பாறையில், உபரி மின்சாரத்தில் கீழே உள்ள தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்குகிறார்கள். 400 மெகாவாட் திறன் கொண்ட தண்ணீர் பேட்டரி என்று சொல்லலாம்.

மறுபக்கமும் இருக்கிறது. அணைக்காக ஊர்களும் காடுகளும் மூழ்குகின்றன. டெல்டாவை உருவாக்கிய வண்டல் அணையிலேயே தங்கிவிடுகிறது. மண் வரத்து குறைந்தால் கடற்கரை அரிப்புக்கு வழி. 2023 அக்டோபர் 4-ல் சிக்கிமில் பனி ஏரி உடைந்து வந்த வெள்ளம், 1,200 மெகாவாட் தீஸ்தா-3 திட்டத்தின் அணையையே அடித்துச் சென்றது. 'புதுப்பிக்கத்தக்கது' என்ற சொல்லுக்கு 'பாதிப்பே இல்லாதது' என்று அர்த்தம் இல்லை.

வகுப்பறையில் எப்படிக் காட்டலாம்?

• ஒரு லிட்டர் பாட்டிலில் மேலே, நடுவில், கீழே என மூன்று ஓட்டை போட்டுத் தண்ணீர் நிரப்புங்கள். கீழ் ஓட்டையில் இருந்துதான் தண்ணீர் வேகமாகப் பீய்ச்சும். மேலே நிற்கும் தண்ணீரின் உயரம் என்ன செய்யும் என்பது கண்ணுக்கே தெரியும்.

• பிளாஸ்டிக் ஸ்பூன்களைக் கார்க்கில் செருகிச் சக்கரம் செய்யுங்கள். அதைப் பழைய பொம்மை மோட்டாரின் தண்டில் மாட்டி, குழாய்த் தண்ணீரில் சுற்றவிடுங்கள். மோட்டாரின் இரு கம்பிகளில் மல்டிமீட்டர் வைத்தால் வோல்ட் ஏறும். மின்சாரம் படும் இடத்தில் தண்ணீர் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

• சக்கரத்தின் கீழே ஒரு வாளி வையுங்கள். ஊற்றிய தண்ணீரையும் வாளியில் விழுந்ததையும் அளந்து பாருங்கள். சிந்தியது போக அளவு ஒன்றுதான்.

அந்த வாளித் தண்ணீரை ஒரு செடிக்கு ஊற்றிவிட்டு, "சத்து போச்சா?" என்று வகுப்பில் கேட்கலாம். அடுத்த கேள்வியாக, "இந்த வாளியை ரெண்டு மாசம் கழிச்சுத் தந்தா செடி என்ன ஆகும்?" என்றும் கேளுங்கள். காவிரி வழக்கு என்னன்னு பிள்ளைங்களுக்கு அப்பவே புரிஞ்சிடும்.