அந்த இடைவெளி யாருக்கு?



பெங்களூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் குன்னத்தூர் வந்திருந்தார். "இனி டிரைவர் இல்லாத வண்டிகள் ஒன்னோட ஒன்னு பேசிக்கும்ங்க சார். நாலு ரோட்டில் சிக்னலே வேண்டியதில்லை" என்றார். ஒவ்வொரு வண்டியும் தான் வந்து சேரும் நேரத்தை அங்குள்ள கணினிக்கு முன்கூட்டியே சொல்லி, கடக்க இடம் பிடித்துக்கொள்ளுமாம். டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-லேயே இதைக் கணினியில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். காத்திருக்கும் நேரம் பெருமளவு குறைந்ததாம்.

நான் இதற்கு எதிரியல்ல. 2020 பிப்ரவரி 20 அதிகாலையில், அவிநாசி அருகே ஒரு கன்டெய்னர் லாரி சென்டர் மீடியனைத் தாண்டி வந்து கேரள அரசுப் பேருந்தில் மோதியது. 19 பேர் இறந்தார்கள். மறக்க முடியுமா?

ஒரு சின்னக் கணக்கு. 80 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடும். ஓட்டுபவர் ஒரு நொடி கண் அசந்தால், அந்த 22 மீட்டரும் ஆளில்லாமல் ஓடிய வண்டிதான். இயந்திரத்துக்குத் தூக்கம் வராது. முன் லாரி பிரேக் போட்டால் அந்தக் கணமே பின் லாரிக்குச் செய்தி போய்விடும். 2016-ல் ஐரோப்பாவில் பல நாடுகளிலிருந்து ராட்டர்டாம் வரை லாரிகளை இப்படி இணைத்து ஓட்டினார்கள். அப்போதும் ஓட்டுநர்கள் உள்ளேதான் இருந்தார்கள்.

ஆனால் மாணவரிடம் ஒன்று கேட்டேன். "கண்ணு, ஷிப்ட் விட்டதும் ரோட்டைக் கடக்கிற பொம்பளைங்க எந்தக் கணினிக்குச் சொல்லுவாங்க? பீஸ் மூட்டை கட்டிப் போற எக்ஸல் வண்டி? மாடு?"

"கேமரா பார்த்துக்கும்ங்க சார்" என்றார்.

பார்ப்பது வேறு, வழி விடுவது வேறு. சிக்னலில் சிவப்பு விழும் நேரம்தான் நடப்பவருக்குக் கிடைக்கும் பாதை. வண்டிகள் தங்களுக்குள் பேசி இடைவெளியில்லாமல் ஓடினால் வண்டிக்கு நேரம் மிச்சம். நடப்பவருக்கு அந்தப் பாதையே போய்விடும்.

என் கருத்து இதுதான். தூக்கத்தை எச்சரிக்கும் கருவியும் தானாக நிறுத்தும் பிரேக்கும் முதலில் நெடுஞ்சாலை லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் வரட்டும். ஊருக்குள் வரும்போது, எத்தனை வண்டி கடந்தது என்று எண்ணாமல், எத்தனை பேர் பத்திரமாகக் கடந்தார்கள் என்று எண்ணட்டும். பேசத் தெரியாதவருக்கு முதல் வழி என்பதை அந்தக் கணினிக்கு முதல் பாடமாகச் சொல்லிக் கொடுங்கள்.

இத்துறையில் இருக்கும் பிள்ளைகள் கீழே எழுதுங்கள். தவறிருந்தால் திருத்துங்கள். அதுவரை, இரவில் தூக்கம் வந்தால் வண்டியை ஓரம் கட்டுங்கள், சாமிகளா.