பாட்டியின் தயக்கம் நீங்கிய நாள்

வில்லாபுரத்துத் தேநீர்க் கடைகளில் கிரிக்கெட்டையும் தேர்தலையும் அலசாத நாளில்லை. ஆயினும், நம் பிள்ளைகளின் பள்ளியில் விளையாட்டுப் பாடவேளை நடைபெறுகிறதா என்று கேட்பாரைக் காணோம். பொதுத்தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது அவ்வேளையே. பெண்மக்களுக்கோ மைதானமே எட்டாக்கனி.

மதுரையை அடுத்த சக்கிமங்கலத்து ரேவதி வீரமணியை எண்ணிப் பார்ப்போம். இளமையிலேயே பெற்றோரை இழந்த அவரைக் கூலி வேலை செய்து வளர்த்தவர் பாட்டி ஆரம்மாள். பேத்தியை ஓட்டப் பயிற்சிக்கு அனுப்பத் தயங்கிய அவரைப் பயிற்சியாளர் கண்ணன் இசையச் செய்தார். லேடி டோக் கல்லூரி இடமளித்தது. காலணி வாங்க வழியின்றி வெறுங்காலுடன் ஓடிய அப்பெண், 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் கலப்புத் தொடர் ஓட்ட அணியில் இடம்பெற்றார்.

அன்று அந்த மூதாட்டி மறுத்திருந்தால்?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியதை அபூதாவூத் நபிமொழித் தொகுப்பு பதிந்துள்ளது. எனவே, மார்க்கத்தின் பெயரால் நம் பெண்மக்களை மைதானத்திலிருந்து விலக்குவது முறையன்று. கண்ணியமான உடையும் பாதுகாப்பான இடமும் பெண் பயிற்சியாளரும் வேண்டுமெனப் பெரியோர் கோரலாம். அவற்றைப் பெற்றுத் தருவதும் அவர்கள் பொறுப்பே.

வென்றபின் பொன்னாடை போர்த்த எல்லாக் கட்சியினரும் வருவர். ஓடத் தொடங்கும் நாளில் உடனிருக்க வேண்டியவர் நாமே.